கவர்னர் மகளுக்காக நின்ற கப்பல்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நானும் உங்கள் பேத்தி அட்மிரலும் சுகம். இவரும் சுகம்தான்; இரண்டு வாரம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டதில் கொஞ்சம் இளைத்திருக்கிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? சமையல்காரர் உங்களைப் பற்றி என்னிடம் ரகசியமாக ஒரு புகார் சொன்னார்: "எல்லாருக்கும் டூட்டி போடுறாரும்மா. மாத்திரை மட்டும் யாரு டூட்டின்னு இன்னும் முடிவாகலை."

கவர்னர் மாளிகை என்றால் சரவிளக்கும் கம்பளமுமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். நீங்கள் ஒரு கப்பலைக் காட்டினீர்கள். மணி அடித்தால் தோட்டக்காரர் முதல் செயலாளர் வரை வரிசையில் நிற்கிறார்கள். கடற்படையில் தலை நரைத்தவரைத் தீவுகளுக்குக் கவர்னராகப் போட்டால் தீவையே நங்கூரம் பாய்ச்சி நிறுத்திவிடுவார் என்று இவரிடம் சொன்னேன். "தீவு ஏற்கெனவே நின்னுட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாருக்கு வாக்கப்பட்டால் இப்படித்தான்.

ஒரு விஷயம். திட்டக்கூடாது. "வேற எதுவும் செய்யாட்டியும் என் காலத்துல கப்பல் நேரத்துக்குக் கிளம்பும்" என்று துறையில் கப்பல் நேரப் பலகையைக் காட்டிச் சொன்னீர்கள் இல்லையா? அதை நானே கெடுத்துவிட்டேன். பயணத்தன்று நீங்கள் எங்களிடம் விடைபெற்றுக் கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள். அட்மிரல் விடியலிலிருந்து அழுது அழுது, கிளம்புகிற நேரம் பார்த்துக் கண்ணயர்ந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. கப்பலைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும்படி ஜீப் டிரைவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் என்றது மூன்று மணி நேரமாகிவிட்டது. நாங்கள் போனதும் கப்பல் மாஸ்டர் எனக்கு சல்யூட் வைத்தார். கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. அம்மா இருந்திருந்தால், "எனக்காக ஒரு நிமிஷம் நின்னதில்லை உங்கப்பா கப்பல். உனக்கு நின்னுடுச்சு பாரு" என்றிருப்பாள்.

பலனையும் அனுபவித்தேன். வழியில் விளக்குத் தீவுக்குப் போய்ச் சேருவதற்குள் கடல் வற்றிவிட்டதாம். பாறைகளுக்கு நடுவே உள்ளே நுழைய முடியாது, காலையில் நீர் ஏறும்வரை வெளியேதான் நிற்க வேண்டும் என்றார்கள். கப்பல் சரியான ஆட்டம். கரையில் யாரோ ஒரு கைவிளக்கை ஏற்றி ஏற்றி அணைத்தார்கள். "பாரு, விளக்கு உன்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்று அட்மிரலுக்குக் காட்டினேன். அப்படிச் சிரித்தாள். காலையில் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்து ஏற்றினார்கள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது. கூட வந்த ஆள் கட்டில் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் விசாரிக்கவில்லை, என் வாந்தியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே பதில் போடுங்கள். பேத்தியின் முத்தம் ஒன்று இந்தக் காகிதத்தின் மூலையில் ஈரமாக இருக்கும்.

உங்கள் மகள்

*

ஜூன் 21

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் பரவாயில்லை. மாத்திரை போடுகிறேன். இங்கே காற்று தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கிறது. மாளிகைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஆள் ஏற்றிச் சரிசெய்தாயிற்று. சமையல்காரரின் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

பிள்ளை நன்றாகத் தூங்குகிறாளா?

டிரைவரிடம் நீ என்ன சொல்லியனுப்பினாய்? சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுது.

அப்பா

*

ஜூன் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அட்மிரலுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அவள் அப்பாவின் காதையும் சேர்த்து.

நான் டிரைவரிடம் சொன்னது: "கப்பலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கணும். ஐயா சொன்னாங்கன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க." அவ்வளவுதான். அவர் தயங்கினார். "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடவாம்மா?" என்றார். "நான் அவர் பொண்ணு. கேட்டா வேணாம்னா சொல்லப்போறாரு?" என்றேன். அப்படியே எழுதச் சொன்னதால் அதையும் எழுதிவிட்டேன்.

ஏன் கேட்கிறீர்கள்? கோபமா? உங்கள் பெயரை நான் எடுத்தது தப்புதான். ஆனால் அப்பா, பள்ளிக்கூட ஆண்டுவிழாவா, அம்மாவின் ஆபரேஷனா, எதற்கும் உங்கள் கப்பல் நின்றதில்லை. ஒரே ஒரு தடவை நானாக நிறுத்திப் பார்த்தேன். அதற்கு இப்படி விசாரணை அதிகாரி மாதிரி ஒற்றை வரியில் கேட்க வேண்டுமா? கோபமென்றால் நாலு வார்த்தை திட்டி எழுதிவிடுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

*

ஜூலை 19

அப்பாவுக்கு,

நீங்கள் சுகமா? பதிலே இல்லை. இங்கே பிள்ளைக்கும் இவருக்கும் ஒன்றுமில்லை.

நேற்று ஒரு பழைய பேப்பரை அலமாரித் தட்டில் விரிக்கும்போது கண்ணில் பட்டது. ஐந்தாறு வரிச் செய்தி. தீவுக் கப்பல் தாமதம், மாஸ்டர் தற்காலிக நீக்கம். விளக்குத் தீவின் கலங்கரை விளக்கக் காவலர் மனைவிக்குப் பிரசவ வலி, கப்பல் உள்ளே வர முடியாததால் குழந்தை இறந்தது, தாய் ஆஸ்பத்திரியில்.

தட்டில் பாத்திரங்களை அடுக்கி முடித்தேன். பிள்ளைக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கட்டிலோடு ஏற்றினார்களே, அவள்தானா? அந்தக் கைவிளக்கு எதற்காக? எனக்குத் தெரிய வேண்டும். தெரியவும் வேண்டாம். எழுதுங்கள் அப்பா.

மகள்

*

ஜூலை 31

அன்பு மகளுக்கு,

நான் சுகம். பிள்ளையை நல்லபடி பார்த்துக்கொள். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

அவள்தான். அன்று மதியம் வலி கண்டது. மாலையில் கப்பல் வந்துவிடும், ஏற்றிக்கொண்டு போனால் காலையில் ஆஸ்பத்திரி என்று காவலர் நினைத்திருக்கிறார். கப்பல் வந்து வெளியே நின்றதும் கைவிளக்கால் அவசரம் என்று சைகை கொடுத்தார். அது நாங்கள் கடற்படையில் சொல்லிக்கொடுக்கும் சைகைதான். மாஸ்டர் புரிந்துகொண்டு சிறு படகை இறக்கினார். அலையில் அது இரண்டு முறை போய்ப் பாதியில் திரும்பியது. குழந்தை விடியும் முன் பிறந்தது. ஆண். மூச்சில்லை.

தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். ஏன் தாமதித்தாய் என்ற கேள்விக்கு மாஸ்டர், "என் முடிவு சார்" என்று மட்டும் சொல்கிறார். கவர்னரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைப்பு. நான் கூப்பிட்டனுப்பினேன். வரவில்லை. "ஐயாவுக்குச் சங்கடம் வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டிருக்கிறார். லைசென்ஸ் போனால் அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

என்னை இன்னும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் கூப்பிடுவார்கள்.

நீ யாருக்கும் எதுவும் எழுதாதே.

அப்பா

*

ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. உங்கள் உடம்பு எப்படி?

இத்தனை நாளாக இவரிடமும் சொல்லவில்லை. பிள்ளை தூங்கினால் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். தூங்கி எழுந்து சிரித்தால் எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. "என்னம்மா, தாய்க்கும் பிள்ளைக்கும் சண்டையா?" என்று இவர் கேலி செய்கிறார்.

என்ன எழுத உட்கார்ந்தேனோ அதை எழுதிவிடுகிறேன். என் பெயரைச் சொல்லாதீர்கள் அப்பா. தப்பென்று தெரிந்தேதான் கேட்கிறேன். இவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். பேப்பரில் வந்தால் தெருவில் எல்லோரும் படிப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், தூங்கட்டும் என்று கப்பலை நிறுத்தினது இந்தக் குழந்தைக்காகத்தான் என்று அவளைக் காட்டுவார்கள். நாளைக்கு அவள் வளர்ந்து யார் வாயிலாவது இதைக் கேட்க வேண்டுமா?

மாஸ்டரைக் காப்பாற்ற வேறு வழி இருக்கும். உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும். ஏதாவது செய்யுங்கள்.

இதைப் படித்ததும் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அதை எனக்கு எழுத வேண்டாம்.

மகள்

*

செப்டம்பர் 4

அன்பு மகளுக்கு,

நலம். பிள்ளை தவழ்கிறாளா? படிக்கட்டுக்குக் குறுக்கே பலகை வைக்கச் சொல் உன் புருஷனை.

விசாரணை முடிந்தது. முதல் நாள் டிரைவர் வந்து நின்றார். "ஐயா, நான் என்ன சொல்லட்டும்?" என்றார். "அன்னிக்கு மாஸ்டர்கிட்ட என்ன சொன்னியோ அதையே சொல்லு" என்றேன். அவரும் போய், "ஐயா நிறுத்தச் சொன்னாங்கன்னு சொன்னேன்" என்று சொன்னார். அது உண்மைதானே. அடுத்து என்னைக் கேட்டார்கள். ஆமாம், நான்தான் நிறுத்தச் சொன்னேன், மகள் பயணத்துக்காக என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். மாஸ்டர் மறுபடி கப்பலில் ஏறிவிட்டார்.

நீ பிறந்த சமயம் நான் இளம் அதிகாரி. உன் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று துறைமுகத்துக்கு ஆள் வந்து சொன்னார். கேப்டன் என்னைப் பார்த்து, "எதுவும் சொல்லணுமா?" என்றார். அவர் நல்ல மனிதர். வாய் திறந்திருந்தால் இறக்கிவிட்டிருப்பார். "இல்லை சார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். உன்னை நான் பார்த்தபோது நீ குப்புற விழப் பழகியிருந்தாய். என்னைக் கண்டு அழுதாய்.

அதனால் அந்த மூன்று மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது பாரமில்லை. நீ இதைத் திருத்தப் போகாதே.

அப்பா

*

செப்டம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். பலகை வைத்தாயிற்று, அட்மிரல் அதைப் பிடித்து நிற்கப் பழகிவிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது பாடினேன்கூட. தப்பித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா கலகலப்பானவர். "என்ன, ராஜகுமாரி நல்லாத் தூங்குறாளா?" என்று சும்மாதான் கேட்டார். அத்தனை பேர் நடுவில் விம்மி விம்மி அழுதேன். "அடடா, ஊசி பிள்ளைக்குத்தானே, உங்களுக்கில்லையே!" என்று சொல்லி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று மாலையே இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பிள்ளையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தம்மா இப்ப யாரைத் திட்டிட்டு இருக்காங்க?" என்று கேட்டார்.

அதுதான் அப்பா. அவள் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தப்பான ஆளைக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் எனக்குக் கடன்பட்டிருப்பதாக நினைத்தால் என்னிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். அவள் பிள்ளையை வைத்துத் தீர்க்காதீர்கள்.

விசாரணை அதிகாரிக்கு எழுதிவிட்டேன். அவளுக்கும் தனியாக எழுதினேன். பிள்ளை தூங்கினாள், எழுப்ப மனசு வரவில்லை, அப்பாவுக்குத் தெரியாது, அவர் பெயரைச் சொன்னது நான் என்று இருக்கிறபடி எழுதினேன். நேரில் வரலாமா என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் தபாலில் போட்ட பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். முன்னாலேயே எழுதியிருந்தால் தடுத்திருப்பீர்கள். நீங்கள் தடுக்கட்டும் என்று நானும் காத்திருந்திருப்பேன்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 2

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் நாள் எனக்கு உன்மேல் ஆத்திரம். இரண்டாம் நாளும்தான்.

விசாரணை அதிகாரி மறுபடி வந்தார். என் பாதி வயசு இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, உங்க மக எழுதினது ஒண்ணு இருக்கு, நீங்க சொன்னது ஒண்ணு இருக்கு. ரெண்டுல எதைக் கிழிக்கட்டும்?" என்றார். "எதையும் கிழிக்காதீங்க தம்பி. ரெண்டையும் சேத்துத் தைச்சு வைங்க" என்றேன். சத்தியம் செய்து பொய் சொன்ன கவர்னர் என்று இனி எழுதுவார்கள். எழுதட்டும். மாஸ்டருக்கு ஒன்றும் ஆகாது என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். எனக்கு அது போதும். உனக்கு ஒரு நோட்டீஸ் வரும். பதில் எழுது.

சாமான்களைக் கட்டிவிட்டேன். மாளிகையில் என்னுடையது இரண்டு பெட்டிதான். வரிசையில் நின்று அனுப்பி வைக்கட்டுமா என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமையல்காரர் மட்டும் துறைவரை வந்து மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

உன் வீட்டில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா?

அப்பா

*

அக்டோபர் 11

வணக்கம்.

நான் விளக்குக் காவலரின் மனைவி எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்து சில நாள் ஆயிற்று. வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா வருவதற்கு முன் இங்கே கப்பலுக்கு நேரம் காலம் கிடையாது. வந்தால் வந்தது. அதனால் வயிற்றில் இருக்கிற பெண்கள் மாதம் நெருங்குவதற்கு முன்பே கரைக்குப் போய் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்வோம். மூத்தவனுக்கு நான் அப்படித்தான் போனேன். ஐயா வந்த பிறகு கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது. நாங்களும் நம்பிப் பழகிவிட்டோம். "இப்பதான் கப்பல் கடிகாரம் மாதிரி வருதே, எதுக்கு அவ்வளவு முன்னாடி போய் அடுத்தவங்க வீட்டுல கிடக்கணும்?" என்று இவரிடம் நான்தான் சொன்னேன். இத்தனை நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா மேலே பழி வந்தபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய ஆட்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று இருந்தேன். என்மேல்தான் கோபம்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. நன்றாக வந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

அவன் முகம் என் மூத்தவன் மாதிரியே இருந்தது. பத்து நாள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. வரட்டுமா என்று கேட்டீர்கள். வாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

*

அக்டோபர் 29

அப்பா,

நீங்கள் அட்மிரலைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போயிருக்கிற நேரத்தில் இதைச் சாப்பாட்டு மேஜையில் எழுதிவைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு விளக்குத் தீவுக்குக் கிளம்ப எனக்குத் தைரியம் போதாது. இவர் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவார்.

கஞ்சியை இரண்டு தரம் வடிகட்டுங்கள். கட்டி இருந்தால் துப்பிவிடுவாள். குளிக்க வைக்கும்போது முதலில் காலில் தண்ணீர் ஊற்றுங்கள், தலையில் ஊற்றினால் வீடு இரண்டாகும். பயந்துகொண்டு இடுக்கிப் பிடிக்காதீர்கள்; அவள் வழுக்கிவிட மாட்டாள். நேற்று உங்களைப் பார்த்துத்தான் இவர், "மாமா, அது பிள்ளை, பீரங்கிக் குண்டு இல்லை" என்றார்.

இன்று காலையோடு தாய்ப்பால் நிறுத்துகிறேன். அவளுக்கு அது தெரியாது. வழக்கம்போல என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே குடித்து முடித்தாள். ராத்திரி தேடி அழுவாள். அம்மா இதோ வந்துவிடுவாள் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். தூக்கிக்கொண்டு நடங்கள், போதும். எனக்கும் பால் கட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். துணி எடுத்து வைத்திருக்கிறேன். மாத்திரை கொடுத்தார், அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்களும் வருகிறேன் என்றீர்கள். அந்தம்மா கூப்பிட்டது என்னை.

என்ன பேசப்போகிறேன் என்று தெரியவில்லை. யோசித்து வைத்ததெல்லாம் எனக்கே வக்கீல் பேச்சு மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் போய்விடு என்று சொன்னாலும் நான் போக முடியாது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்துத்தான். அந்தச் சின்னத் தீவில் அந்த ஒரு வாரமும் நான் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பேன். அவர் கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

மகள்